இரண்டு வெற்றி, எட்டுத் தோல்வி

எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியின் மாணவன் ஒருவன் விபத்தில் இறந்தபோது, அவ்வாண்டுப் போட்டிகளிலிருந்து அணியை விலக்கிக்கொண்டோம். மற்ற பையன்கள் ஆட வேண்டுமென்று வந்து நின்றார்கள். இறந்தவனுக்கு மரியாதை என்றோம். யாரும் மறுத்துப் பேசவில்லை. காலணிகளைத் தோளில் தொங்கவிட்டபடி போனார்கள்.

மேற்கு வர்ஜீனியாவின் மார்ஷல் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பிறகுதான் படித்தோம். (அங்கே கால்பந்து பெரிதும் கையால் ஆடப்படுவது.) 1970 நவம்பர் 14 அன்று, தோற்ற ஆட்டம் முடிந்து அணி திரும்பிய விமானம் ஊரை நெருங்கும்போது விழுந்தது. ஆட்டக்காரர், பயிற்சியாளர், உடன்சென்ற ஊரார் என 75 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அடையாளம் தெரியாத ஆறு ஆட்டக்காரர்களை அருகருகே புதைத்தார்கள்.

அடுத்த ஆண்டே ஆடினார்கள். முதலாண்டு மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளத் தனி அனுமதி பெற்று, புதிய பயிற்சியாளர் ஜாக் லெங்கியெல் அணியைத் திரட்டினார். முதல் ஆட்டம் தோல்வி. செப்டம்பர் 25 அன்று, சேவியர் அணியுடன், நேரம் தீர்ந்த கடைசி எறிதலில் 15-13. பருவம் முழுக்க இரண்டே வெற்றி, எட்டுத் தோல்வி. எங்கள் பையன்கள் கேட்டதும் இவ்வளவுதானே, தோற்கவேனும் விடுங்கள் என்று.

மார்ஷல் வளாகத்து நினைவு நீரூற்றை ஆண்டுதோறும் நவம்பர் 14இல் நிறுத்துகிறார்கள். வசந்தத்தில் திறந்துவிடுகிறார்கள்.