காசி இப்போது எவ்வளவு தூரம்?

முற்காலத்தில் காசிக்கு நடந்து புறப்பட்டோர், மீள்வோம் என்ற உறுதியின்றி உற்றார் உறவினரிடம் விடைபெற்றே சென்றனர். இன்று சென்னையிலிருந்து காசிக்கு வான்வழித் தொலைவு ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். ரயிலில் ஒன்றரை நாளுக்கு மேலாகும் பயணத்தை, நேரடி விமானம் சுமார் இரண்டரை மணி நேரத்தில் முடித்து, பாபத்பூர் நிலையத்தில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து கங்கைக் கரை சுமார் 25 கிலோமீட்டர். சக்கர நாற்காலி வேண்டுவோர் பயணச்சீட்டுப் பதிவின்போதே கேட்டுப் பெறலாம்.

வழி குறுகினும் முறை குறுகவில்லை. இராமேசுவரத்து மணலைப் பிரயாகையில் கரைத்து, கங்கை நீரால் இராமநாதருக்கு அபிஷேகம் செய்த பின்னரே யாத்திரை நிறைவுறும். படித்துறைப் படிகளையும் குறுகிய சந்துகளையும் விமானம் கடந்து தராது. ஆதலின், கால்களில் வலுவுள்ளபோதே நாள் குறியுங்கள்.