ஐடஹோ பனிக்காடு – 4: பருத்தி கூடாது

திருப்பூர் பனியன் உயிரை வாங்கும் என்று இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. சால்மன் ஊரில் நான் தங்கியிருக்கும் வீட்டுப் பெரியவர் சொன்னார். பாய்சியிலிருந்து வந்த வழியில் பனியும் பைன் மரங்களும் தவிர வேறொன்றுமில்லை. நேரே அவர் வீட்டுக்கே வந்துவிடுகிறேன்.

பெரியவர் ஓநாய் வேட்டைக்குப் போகிறார். நான் துப்பாக்கி தொடாமல், பார்ப்பதற்காக மட்டும் கூடப் போகிறேன். என் பெட்டியைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு துணியின் லேபிளையும் கண்ணாடி போட்டுப் படித்தார். பனியன், ஜீன்ஸ், கைக்குட்டை எல்லாம் கட்டிலில் ஒரு பக்கம் போயின. மலையேறும்போது வேர்க்கும். பருத்தி அந்த ஈரத்தை விடாது. நின்ற மறுநிமிடம் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூடு காக்கும். தன் மகனின் கம்பளி உள்ளுடைகளைத் துவைத்து மடித்து என் கையில் கொடுத்தார். முன்பின் தெரியாத ஒருவனுக்கு இப்படிச் செய்கிறவர்கள் எந்த ஊரிலும் குறைவுதான்.

வேட்டைக்குத் தயாராவது என்றால் துப்பாக்கியும் தோட்டாவும் என்று நினைத்திருந்தேன். இங்கே முக்கால்வாசி வேலை குளிரிடமிருந்து உயிரைக் காப்பதுதான். கூடாரத்துக்கு விறகு அடுப்பும் புகைக்குழாயும். சமையலுக்கு நம் வீடுகளில் முன்பு இருந்த பம்ப் ஸ்டவ் போன்ற ஒன்று. சிறிய கேஸ் குப்பிகள் இந்தக் குளிரில் சரியாக எரியாது. வெண்ணெயையும் சீஸையும் வீட்டிலேயே சிறு கட்டிகளாக வெட்டினார். மைனஸ் இருபதில் கத்தி இறங்காதாம். சமைத்த இறைச்சிக் குழம்பைப் பைகளில் தட்டையாக ஊற்றி வெளியே திண்ணையில் வைத்தார். காலையில் அவை பலகையாக இருந்தன.

ரைஃபிளின் எண்ணெயை முழுக்கத் துடைத்தெடுத்தார். குளிரில் எண்ணெய் கெட்டியாகி, சுடவேண்டிய நேரத்தில் விசை வேலை செய்யாது. குழல் வாயில் பனி புகாமல் ஒரு துண்டு டேப். இரவில் துப்பாக்கி கூடாரத்துக்கு வெளியேதான் இருக்கும். சூட்டுக்குள் கொண்டுவந்தால் வியர்த்து, மறுபடி வெளியே போனதும் உறைந்துவிடும். பிறகு என் கைகளில் தடித்த கையுறையை மாட்டி, கண்ணை மூடச் சொல்லி, பையின் ஒவ்வொரு கொக்கியையும் போட்டுக் கழற்றச் சொன்னார். கையுறையோடு செய்ய முடியாத எதுவும் மலைக்கு வராது என்பது அவர் விதி. இரண்டு கொக்கிகள் அங்கேயே வெட்டப்பட்டுக் கயிறாக மாறின.

துப்பாக்கியைத் துடைத்த மேசை அவ்வளவு சுத்தம். சமையலறையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. சாப்பிட்ட தட்டை நாய் நக்கியபிறகுதான் கழுவுகிறார்கள், அதுவும் சோப்பு நுரையைச் சரியாக அலசாமல். எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

பனியில் நடக்கும் ஸ்னோஷூவை வழியில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தேன். கடையின் பெயர் வேண்டாம். வார் விண்டிருந்தது, சுட்டிக்காட்டி மாற்றித்தரச் சொன்னதற்கு, நான்தான் உடைத்தேன் என்று முன்பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். குளிர்காலத்தில் வெளியூர்க்காரன் திரும்பி வந்து சண்டை போடமாட்டான் என்ற கணக்கு. பெரியவர் ஒன்றும் பேசாமல் ரிவெட் அடித்துச் சரிசெய்தார்.

மாலையில் மார்பில் கட்டும் பீக்கன் கருவிக்குப் பயிற்சி. பனிச்சரிவில் புதைந்தவர் இருக்குமிடத்தை மற்றவரின் கருவிக்கு அது காட்டும். ஒன்றைத் தோட்டத்துப் பனியில் புதைத்துவிட்டு என்னைத் தேடித் தோண்டச் சொன்னார். கால்மணிக்குள் எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரைமணி தாண்டினால் நம்பிக்கை வெகுவாகக் குறைகிறது. முதல் கட்டுரையில் பனியை அவ்வளவு புகழ்ந்து எழுதியிருந்தேன். இப்போது அப்படி எழுதமாட்டேன்.

இரவுச் சாப்பாட்டில் சண்டை வந்தது. எல்க் மான் இறைச்சியும் உருளைக்கிழங்கும் இரும்புச் சட்டியில் வெந்துகொண்டிருந்தன. ஊருக்கு வந்திருந்த மகள், "ஏன் அப்பா, இந்த வயதில் இது தேவையா?" என்று ஆரம்பித்தார்.

ஓநாயைப் பற்றிய இந்தச் சண்டைக்கு முப்பது வருட வயது. இங்கே அழிந்துபோன ஓநாயைத் திரும்பக் கொண்டுவர, 1995 ஜனவரியில் கனடாவிலிருந்து பிடித்துவந்து இந்தக் காட்டில் விட்டார்கள். அந்த ஆண்டு 15, அடுத்த ஆண்டு 20. மாநிலச் சட்டமன்றம் அந்த வேலையில் கைவைக்க மறுத்தது. நெஸ் பெர்ஸ் பழங்குடியினர் பொறுப்பேற்றுக் கண்காணித்தார்கள். இன்று ஐடஹோவில் ஓநாய்கள் ஆயிரத்துக்கு மேல். 2011-இல் மத்தியப் பாதுகாப்பு நீங்கியது. 2021 சட்டத்துக்குப் பிறகு ஒருவர் எத்தனை வேட்டைச் சீட்டு வேண்டுமானாலும் வாங்கலாம்.

பெரியவர் வாங்கியது ஒன்றே ஒன்று. தம்பியின் பண்ணையில் ஓநாயால் கன்றுகள் செத்த கதையைச் சொன்னார். நஷ்டஈடாகக் கன்றின் விலையைக் கொடுத்துவிட்டால் இழப்பு தீர்ந்துவிடுமா என்று கேட்டார். மகள் குரலை உயர்த்தினார்: "அங்கே நீங்கள் போகும் மலையில் மாடு ஏது? அது ஓநாயின் வீடு." பெரியவரிடம் அதற்குப் பதில் இல்லை. கரண்டியைக் கீழே வைத்தார்.

என்னைக் கேட்டால் மகள் சொன்னதே நியாயம். நாங்கள் போகும் ஃப்ராங்க் சர்ச் வனப்பகுதி 20 லட்சம் ஏக்கருக்கு மேல். 1980-இல் காடாகவே இருக்கட்டும் என்று சட்டம் போட்டு விட்ட இடம். அதிலும் ஓநாய்க்கு இடமில்லை என்றால் வேறெங்கே? இதைப் பெரியவரிடமே சொன்னேன். கோபப்படாமல் கேட்டுக்கொண்டு, எனக்கு இன்னொரு கரண்டி இறைச்சி போட்டார். விருந்தாளியின் எதிர்க்கருத்தை இவ்வளவு மரியாதையாக வாங்கிக்கொள்கிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

சாலை முடியும் கார்ன் க்ரீக் வரை கொண்டுபோய் விட மகள் மறுத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் தன் பிக்கப் வண்டியில் வருவதாகச் சொன்னார். பெட்ரோலுக்குப் பணம் நீட்டினேன், வாங்கவில்லை. பெரியவர் ஒரு தாளில் எங்கள் இருவர் பெயர், கூடாரம் போடும் இடம், போகும் பள்ளத்தாக்கு, திரும்பும் நாள் எல்லாம் எழுதி அவரிடம் கொடுத்தார். வெள்ளி மதியத்துக்குள் நாங்கள் சாலைக்கு வராவிட்டால் ஷெரிஃப் அலுவலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும் என்று கடைசி வரியில் அடிக்கோடிட்டிருந்தார்.

(தொடரும்)