ஆரஞ்சு ஒயர் வேண்டாம்

வேளச்சேரியில் ஆவணப்படம் எடுக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். பல வருடப் படப்பிடிப்பும் அவர் வீட்டு அலமாரியில் வெளிப்புற ஹார்ட் டிஸ்குகளாக அடுக்கிக் கிடக்கிறது. எதில் எது இருக்கிறதென்று அவருக்கே தெரியாது. 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸ் இலவசத்துக்கு வரம்பு கட்டியபோதே, வீட்டோடு ஒரு சேமிப்பு சர்வர் வைத்துவிட வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். புத்தக அலமாரியில் அடங்குகிற பெட்டி, உள்ளே நாலு டிஸ்க், இரவு பகலாக ஓட வேண்டும், சத்தம் வரக் கூடாது. ரெடிமேடாகவே கிடைக்கிறதே என்றேன். "கட்டித் தர்றவர் ஒருத்தர் இருக்கார், அவர் வேலைய நீ பாக்கணும்" என்று ரிச்சி தெருவுக்குக் கூட்டிப் போனார்.

சிசிடிவி வேணுமா, லேப்டாப் சர்வீஸா என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுபவர்களைத் தாண்டி, ஆள் ஒருவர் மட்டுமே ஏறக்கூடிய மாடிப்படி. மேலே ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, சுவர் முழுக்கக் காலி அட்டைப்பெட்டிகள். பெட்டி கட்டித் தரும் அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். நண்பர் போனில் தயாரித்து வைத்திருந்த பட்டியலை நீட்டினார். முதல் வரியில் பிராசஸர். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"பிராசஸர் கடைசி சார். எத்தன டிஸ்க்கு, பெட்டிய எங்க வைக்கப் போறீங்க, கரண்ட் பில் எவ்ளோ வருது, மொதல்ல அதச் சொல்லுங்க."

அவர் போட்ட கணக்கு இது. ஓயாமல் ஓடும் பெட்டி சராசரியாக 40 வாட் இழுத்தால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 58 யூனிட். வீட்டில் சும்மா இருக்கும் பழைய கேமிங் கம்ப்யூட்டரையே சர்வராக்கினால் 100 வாட்டுக்கு 144 யூனிட். மின்கட்டணம் 500 யூனிட்டைத் தாண்டினால் எப்படி எகிறும் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே 2023இல் வந்த இன்டெல் என்100. அதன் மதிப்பீடு 6 வாட்தான். அது பதித்தே வரும் மினி ஐடிஎக்ஸ் போர்டு, பக்கத்துக்கு 17 சென்டிமீட்டர். "ஃபைல எடுத்துக் குடுக்கத்தான சார், இதுவா எடிட் பண்ணப் போவுது?" என்பதோடு பிராசஸர் பேச்சு முடிந்தது.

டிஸ்கில்தான் அவர் நின்றார். ஒரே கொள்ளளவு, ஒரே கம்பெனி, விலையில் சின்ன வித்தியாசம் என்றால் பலரும் குறைந்ததை எடுத்துவிடுவார்கள். அதில் தரவு எழுதும் தடங்கள் கூரை ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கலாம். எஸ்எம்ஆர் என்பார்கள். படிப்பதற்குப் பிரச்சினை இல்லை. ஒரு இடத்தில் மாற்றி எழுத, மேலேறிய அண்டைத் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டும். நாலில் ஒரு டிஸ்க் செத்துப் புதிதாக ஒன்றைப் போட்டு மொத்தத்தையும் திரும்ப நிரப்பும்போது, அந்த டிஸ்க் மூச்சுத் திணறும். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வகையில் இதைச் சொல்லாமலே விற்றது 2020இல் வெளியே வந்து, வழக்காகி, பிறகுதான் எஸ்எம்ஆர் இல்லாதவற்றுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வந்தது.

அடுத்த சந்தேகம், புதுசுதானா என்பது. வந்த டிஸ்கை விளக்குக்கு நேரே பிடித்து, இணைப்புப் பற்களின் தங்கப் பூச்சில் கீறல் இருக்கிறதா, திருகு துளைகளின் மரையில் தேய்மானம் இருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகுதான் கம்ப்யூட்டரில் மாட்டுகிறார். ஓடிய மணிநேரம் பூஜ்யம் என்று காட்டினாலும் நம்புவதில்லை. சீகேட் டிஸ்குகளில் ஃபார்ம் என்ற இன்னொரு பதிவேடு உண்டு. ஆயிரக்கணக்கான மணிநேரம் ஓடிய சீகேட் டிஸ்குகள் மணிநேரக் கணக்கு அழிக்கப்பட்டுப் புதியவை என்று விற்கப்பட்டதை 2025 தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைசெ செய்தித்தளம் வெளிக்கொண்டுவந்தபோது, காட்டிக்கொடுத்தது இந்தப் பதிவேடுதான்.

பிறகு, பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். மூன்றரை அங்குல டிஸ்க் ஓடும்போது ஆறேழு வாட்தான் கேட்கும். சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். நாலும் ஒன்றாக எழுந்தால் நூறு வாட்டை நெருங்கும். சராசரியைப் பார்த்து சின்ன எஸ்எம்பிஎஸ் வாங்கினால், சுவிட்சைப் போட்டாலும் பெட்டி எழாது.

எஸ்எம்பிஎஸ்ஸோடு வரும் கேபிள் பெரிய கேபினெட்டுக்கான நீளம். சின்னப் பெட்டியில் மடித்துத் திணித்தால் காற்று போகும் வழி அடைபடும். அண்ணன் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பிளையரை எடுத்தார். வாய் இரண்டும் அரத்தால் ராவிச் சமமாக்கப்பட்டது. கைப்பிடி ரப்பர் போய், டேப் சுற்றியிருந்தது. மஞ்சள், சிவப்பு, இரண்டு கருப்பு ஒயர்களை இணையாகப் பிடித்து, சாட்டா கனெக்டரின் கவட்டைப் பற்களில் உட்கார வைத்து, மூடியைப் போட்டு, பிளையரால் ஒரே அழுத்து. பல் தோலைக் கிழித்துச் செம்பைக் கவ்விக்கொள்கிறது. டிஸ்கின் கனம் 26.1 மில்லிமீட்டர், நடுவில் காற்றுக்கு இடம் விட்டு அடுத்த கனெக்டர். ஸ்கேல் வைக்கவில்லை, கட்டைவிரல் அகலம்தான் அளவு. நாலும் முடிந்ததும் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார்.

ஐந்தாவதாக ஒரு ஆரஞ்சு ஒயர், 3.3 வோல்ட்டுக்கு, இருக்க வேண்டும். அவர் போடவில்லை. டேட்டா சென்டருக்கென்று செய்த சில பெரிய டிஸ்குகள், மூன்றாவது பின்னில் அந்த மின்சாரம் வந்தால் அணைந்திருக்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும். "நல்ல டிஸ்க்க செத்துப் போச்சுன்னு திருப்பி அனுப்புவாங்க சார்" என்று சிரித்தார். அதே இழுப்பறையில் பாதி உருகிய சாட்டா கன்வெர்ட்டர் ஒன்றும் இருந்தது. வார்ப்பு பிளாஸ்டிக்கில் செய்த மலிவு ரகம். உள்ளே ஒயர் சற்று விலகி உட்கார்ந்திருந்தாலும் நாளடைவில் கசிந்து, பொறி பறந்து எரியும்.

பிளையர் அவருடைய முதலாளி கொடுத்தது. அண்ணன் செய்யாறு பக்கத்திலிருந்து தொண்ணூறுகளில் வந்து, இதே தெருவில் ரேடியோ ஸ்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். மானிட்டர் சுமந்து, பார்த்துப் பார்த்து அசெம்பிள் பண்ணக் கற்றுக்கொண்டார். பிரவுசிங் சென்டர்கள் முளைத்த காலத்தில் ஒரே ஆர்டரில் இருபது மெஷின். லேப்டாப் வந்ததும் அது போயிற்று. இப்போது எடிட்டர்கள், போட்டோகிராபர்கள், வக்கீல் ஆபீஸ்கள் இப்படிப் பெட்டி கேட்டு வருகிறார்கள்.

வருமானம் என்ன என்றேன். "டிஸ்க்குல என்னா சார் நிக்கும்? நெட்டுல பாத்துட்டு வந்து அந்த விலைக்கே கேக்குறாங்க." தாய்லாந்தில் 2011 வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கியபோது, பழைய விலைக்கு வாங்கிக் குடோனில் வைத்திருந்த டிஸ்குகளையும் மொத்த வியாபாரி இரட்டை விலைக்கு விற்றதைச் சொன்னார். 2025 கடைசியில் ரேமிலும் அதுவே நடந்தது. விலை ஏறினால் லாபம் குடோனுக்கு. வாடிக்கையாளரின் திட்டு மாடிப்படி ஏறி இவருக்கு. டிஸ்க் கெட்டால் வாரண்டிக்கு அலைவதும் இவர்தான். சரக்கைத் தொடாதவன் சம்பாதிக்கிறான், சரக்கை அறிந்தவன் வாடகைக்கு அல்லாடுகிறான். இதற்குப் பெயர்தான் சந்தை என்றால் அந்தச் சந்தையில் எங்கோ களவு இருக்கிறது.

மென்பொருள் ஏற்றிய பகுதியை விட்டுவிடுகிறேன். கறுப்புத் திரையில் எழுத்து ஓடியது, நான் டீ குடித்தேன். முடிந்ததும் நண்பரிடம் அண்ணன் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: நாலையும் இணைத்து ரெய்டு போட்டால் ஒரு டிஸ்க் செத்தாலும் தப்பிக்கலாம், தப்பாக அழித்த ஃபைலும் வீட்டுக்குள் வரும் தண்ணீரும் எல்லா டிஸ்குக்கும் பொது. இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த வேளச்சேரிக்காரர் தலையாட்டினார்.

பில் வந்தது. டிஸ்குக்கும் போர்டுக்கும் மறுபேச்சில்லாமல் போனை எடுத்துப் பணம் அனுப்பப் போன நண்பர், கடைசி வரியில் 'லேபர்' என்றிருந்ததும் நிறுத்தினார். "அண்ணே, இதக் கொஞ்சம் பாத்துப் போடுங்க." அண்ணனும் குறைத்தார். எந்த டிஸ்க் வேண்டாம், எந்த ஒயர் வேண்டாம் என்று தெரிந்துவைத்திருந்ததற்கு அந்த பில்லில் இருந்தது அந்த ஒரு வரிதான். பேரம் பேசியே ஆக வேண்டுமென்றால் ரேமில் பேசுங்கள்.