சிதம்பரத்துக் கொத்சுக் கடைகள்

செம்மண்டலத்திலிருந்து கெடிலத்தைக் கடந்து தெற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சென்றால் சிதம்பரம். நடராசர் ஆலயத்தின் கோபுரங்களைக் காணவும், 1929ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயிலும் பிள்ளைகளைப் பார்க்கவும் அவ்வூருக்குச் செல்வோர் பலர். காலைப் பசியாற்றிக்கொள்ளவென்றே செல்வோரும் உளர் என்பதை மறைப்பானேன்?

தேரோடும் நான்கு வீதிகளிலும், அவற்றினின்று பிரியும் சந்துகளிலும் சிறு சிற்றுண்டிச் சாலைகள் உண்டு. நான்கைந்து மேசைகள், புகையேறிய சுவர், வாழையிலைத் துண்டு; ஆடம்பரம் எதுவும் இல்லை. மூட்டை சுமப்போரும் மாணவரும் வெளியூர்ப் பயணியரும் தோளோடு தோள் உரச அமர்ந்து உண்பர். இட்டிலிக்குத் துணையாக இலையில் விழுவது கொத்சு.

கொத்தமல்லி விதை, காய்ந்த மிளகாய், கடலைப் பருப்பு ஆகியவற்றை வறுத்துப் பொடித்து, நல்லெண்ணெயில் வதங்கிய கத்தரிக்காயோடும் புளிக்கரைசலோடும் கூட்டிக் கொதிக்க வைத்து மசிப்பதே அதன் பக்குவம். கத்தரிக்காயை நெருப்பில் சுட்டு மசிப்போரும் உண்டு. ஆலயத்தில் சம்பா சாதத்தோடு இணைந்து படைக்கப்படும் இவ்வுணவு, கடைகளில் சின்ன வெங்காயத்தையும் சேர்த்துக்கொண்டு ஏழையின் காலை உணவாயிற்று.

இத்தாலிய நாட்டில் 'திராத்தோரியா' என்றழைக்கப்படும் எளிய உணவகங்களின் இயல்பும் இதுவே. பெரும்பாலும் ஒரு குடும்பமே நடத்தும். அவ்வட்டாரத்தில் விளைவதே அடுப்பேறும். தொஸ்கானா பகுதியில் பழைய ரொட்டியையும் அவரை விதையையும் கீரையையும் மீண்டும் கொதிக்க வைத்து உண்ணும் வழக்கம், பழைய சோற்றை வீணாக்காத நம் தாய்மாருக்கு வியப்பளிக்காது. நம் மண்ணுக்குரிய கத்தரிக்காய் அரபியர் வழியே சிசிலித் தீவை அடைந்தது. அமெரிக்காவில் பிறந்த மிளகாயைப் போர்த்துகீசியர் நம் கரைக்குக் கொணர்ந்தனர். ஆகவே கொத்சுச் சட்டிக்குள் இரு கடல்களின் கதை கொதிக்கிறது எனலாம்.

இதன் விலை குறைவாயிருப்பதற்குக் காரணம் உண்டு. சாம்பாருக்கு வேண்டும் அளவு பருப்பு இதற்கு வேண்டா, தேங்காயும் வேண்டா. புளியின் துணையால் நண்பகல் வரை கெடாது. இரண்டு கரண்டி இருந்தால் நான்கு இட்டிலிகள் இறங்கிவிடும். இதே மாவட்டத்து வடலூரில் 1867இல் இராமலிங்க அடிகளார் மூட்டிய அடுப்பு விலையின்றிச் சோறிடுகிறது. இக்கடைக்காரரோ விலை பெற்றே வாழவேண்டியவர். எரிவாயுவும் வாடகையும் உயரும்போது, இட்டிலியின் விலையை உயர்த்தினால் கூலியாள் வரமாட்டார். உயர்த்தாவிடில் கடை நிலைக்காது. இந்த இடுக்கில்தான் அவருடைய ஒவ்வொரு விடியலும் பிறக்கிறது. பிள்ளைகள் படித்து வேறு தொழில் நாடுவதையும் குறைகூற இயலாது.

இடுக்கண் முற்றியதால் சில இடங்களில் பக்குவம் மாறிவிட்டது. தக்காளியைக் கரைத்து, கடையில் வாங்கிய பொடியைத் தூவி, இரண்டு கத்தரித் துண்டுகளை மிதக்கவிட்டுக் கொத்சு என்கின்றனர். அதனை நாம் சாம்பாரின் ஏழை உறவினன் என்போமேயன்றிக் கொத்சு எனோம். வறுத்த மல்லியின் மணம் வாசலிலேயே எதிர்கொள்ளும் கடையைத் தேடிச் செல்லுங்கள். ஒன்பது மணிக்கு முன்னரே செல்லுங்கள். பிந்தினால் சட்டி காலியாகியிருக்கும். இரண்டாம் முறை கொத்சு கேட்கத் தயங்க வேண்டா. முகம் சுளிக்காமல் ஊற்றுவர்.