டர்போ போச்சுன்னு சொன்னா உடனே நகையை எடுக்காதீங்க

வழக்கமா கடலை, உளுந்துன்னு எழுதுற இடத்துல இன்னிக்கு டீசல் கார் பத்தி எழுதுறேன். நம்ம திருவரங்குளம் பக்கம் வாடகைக்கு ஓடுற வண்டி நிறைய பழைய டீசல்தான். "டர்போ போச்சு"ன்னு ஒரு வார்த்தையில குடும்பத்தையே கலங்கடிக்கிறாங்க. அதனால எழுதியே ஆகணும்.

சித்தப்பா மகன் ஒருத்தன் வாடகைக்கு ஓட்டுறான். திருச்சி ஏர்போர்ட் சவாரிதான் அவனுக்குச் சோறு. போன மாசம் கீரனூர் தாண்டி ஒரு லாரியை முந்தப் போனவனுக்கு வண்டி இழுக்கவே இல்ல. முழுசா மிதிச்சாலும் முனகுது, பின்னாடி கரும்புகை, எதிர்ல பஸ். எப்படியோ ஒதுங்கித் தப்பிச்சுட்டான். டவுன்ல ஒரு பட்டறையில பானெட்டைத் திறந்து பார்த்ததுமே, டர்போ முடிஞ்சுது, 45,000 ஆகும்னு சொல்லிட்டாங்க. பொண்டாட்டி சங்கிலியை அடகு வைக்கக் கிளம்பிட்டான். "ரெண்டு நாள் பொறுடா"ன்னு வண்டியை நம்ம களத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

டர்போன்னா பெரிய மாயம் இல்ல. சைலன்சருக்குப் போற புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுத்துது. அதே தண்டோட மறுமுனையில இருக்கிற சக்கரம் காத்தை அமுக்கி எஞ்சினுக்குத் தள்ளுது. சின்ன டர்போ நிமிஷத்துக்கு 2 லட்சம் சுத்துகூடச் சுத்தும். ஆல்ஃபிரட் பூச்சிங்கிற சுவிட்சர்லாந்துக்காரர் 1905-லயே இதுக்குக் காப்புரிமை போட்டுட்டார். அமுக்குன காத்து சூடாகும். அது இன்டர்கூலர்ல ஆறி, ரப்பர் ஹோஸ் வழியா எஞ்சினுக்குப் போகுது. வழியில எங்க பொத்தல் விழுந்தாலும் இழுவை போயிரும். போர் மோட்டார் ஓடுது, கடைசி வயலுக்குத் தண்ணி வரலைன்னா முதல்ல பைப்பைத்தானே நடந்து பாப்போம்? மோட்டாரையா கழட்டுவோம்?

ஆலங்குடியில இருந்து தெரிஞ்ச மெக்கானிக் தம்பி ஸ்கேனரோட வந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழ மாட்டுனதும் பி0299-ன்னு ஒரு கோடு காட்டுச்சு. "இது பூஸ்ட் பத்தலைன்னு மட்டும்தாண்ணே சொல்லுது. டர்போ செத்துப்போச்சுன்னு சொல்லல"ன்னார். வம்பன் நால்ரோடு பக்கம் ஆளில்லாத நேரமாப் போய், மூணாவது கியர்ல 1,500 சுத்துல இருந்து முழுசா மிதிக்கச் சொன்னார். கம்ப்யூட்டர் கேட்டது 2,100 மில்லிபார், வந்தது 1,400. இதுல 1,000 சும்மாவே இருக்கிற வெளிக்காத்து. டயருக்கு 30 அடிக்கிறோமே, அந்தக் கணக்குல 16 கேட்டா 6 வருது.

அப்புறம் எஞ்சின் நல்லா ஆறுனதும் ஏர் பில்டர் பக்கத்து ஹோஸைக் கழட்டி, டர்போ தண்டை விரலால ஆட்டிப் பார்த்தார். பக்கவாட்டுல லேசா ஆடலாம், அது ஆயில் படலத்துக்கு விட்ட இடம். உள்ளேயும் வெளியேயும் ஆடுனாலோ, இறக்கை சுவர்ல உரசியிருந்தாலோதான் வம்பு. இதுல ரெண்டும் இல்ல.

அடுத்து செஞ்சதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. போர் பைப்புக்குப் போடுற பிவிசி மூடியில டியூப் வால்வு ஒண்ணைப் பொருத்தி, டர்போ வாய்க்குள்ள காத்து போற ஹோஸ்ல மாட்டி கிளாம்ப் போட்டார். பஞ்சர் கம்ப்ரசரால மெதுவா காத்து. பத்துப் பவுண்டுக்கு மேல ஏத்தக்கூடாது. சோப்புத் தண்ணியை மேல அடிச்சா, இன்டர்கூலருக்குக் கீழ ஹோஸ் வளையிற இடத்துல புஸ்ஸுன்னு நுரை. ரெண்டு இஞ்ச் கிழிசல். சும்மா நிக்கும்போது உதடு மாதிரி மூடிக்கிது, அழுத்தம் வந்தா மட்டும் வாயைத் திறக்குது. மேல நின்னு பார்த்தா எப்படித் தெரியும்? அந்த இடத்துல மட்டும் எண்ணெய் கசிஞ்சு நம்ம ஊரு செம்மண் புழுதி அப்பிக் கிடந்துது. புது ஹோஸும் ரெண்டு கிளாம்பும் கூலியோட சேத்து 3,000-க்குள்ள முடிஞ்சுது. அதே ரோட்டுல ஓட்டுனா கேட்டதும் வந்ததும் ஒட்டியே போகுது.

எல்லா வண்டியிலயும் ஹோஸ்தான்னு சொல்லமாட்டேன். டர்போவைக் கட்டுப்படுத்துற மெல்லிய வாக்குவம் டியூபை எலி கடிச்சிருக்கும்; வைக்கோல் போருக்குப் பக்கத்துல வண்டி நிறுத்துறவங்க இதை முதல்ல பாருங்க. உள்ளூருக்குள்ளயே மெதுவா ஓட்டுற வண்டியில கரி படிஞ்சு உள்ள இருக்கிற தகடுகள் இறுகிக்கும். ஈஜிஆர் வால்வு மூடாம நின்னாலும், சைலன்சர் பக்கம் அடைச்சாலும் இதே கதைதான். அழுத்தம் அளக்குற சென்சார் கரி பிடிச்சா பொய்க்கணக்குகூடச் சொல்லும்.

டர்போ நிஜமாவே போறதும் உண்டு. ஆம்புலன்ஸ் மாதிரி ஊளைச் சத்தம், நீலப்புகை, ஆயில் மட்டம் மளமளன்னு இறங்குறது, இதெல்லாம் இருந்தா வண்டியை ஓட்டாதீங்க. கசியிற ஆயிலையே குடிச்சுட்டு எஞ்சின் தன்னால எகிற ஆரம்பிச்சா சாவியைத் திருப்புனாலும் நிக்காது. அப்ப பிரேக்கை அழுத்தி மிதிச்சுக்கிட்டு, நாலாவது இல்ல அஞ்சாவது கியர் போட்டு கிளட்சை விட்டு அடக்கிடணும். அடங்கலைன்னா எல்லாரையும் இறக்கித் தள்ளிக் கூட்டிட்டுப் போங்க. காத்து போற வாயைக் கையால மட்டும் மூடப் போகாதீங்க.