கெட்டும் குறையாத அகரம்

ஒரு சொல்லில் எத்தனை அசைகள் என்று கேட்டால், பேச்சிலா பாட்டிலா என்று திருப்பிக் கேட்பதே மொழியியல் மாணவர் தரத்தக்க நேர்மையான விடை. (அசை என்று இங்கே நான் குறிப்பது உயிரொலியை மையமாகக் கொண்ட ஒலிப்பலகை, நேர், நிரை என்னும் யாப்பசையை அன்று.) தில்லியில் ஆய்வு செய்துவரும் எனக்கு, இதற்குத் தெளிவான சான்றாகப் படுவது இந்தியின் அகரம்.

தேவநாகரியில் மெய்யெழுத்து இயல்பாகவே அகரம் ஏறி நிற்கும். பேச்சில் சொல்லிறுதி அகரம் கெடும். சொல்லிடையிலும் பலவிடங்களில் கெடும். எழுத்தின்படி 'ந-ம-கீ-ன' நான்கசை. கடைவீதியில் அது 'நம்-கீன்', இரண்டசை.

இனி மாத்திரையை எண்ணுவோம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்பது இந்தி யாப்பின் கணக்கு. எழுத்தின்படி 1+1+2+1, ஆக 5. பேச்சில், மெய்யால் மூடிய 'நம்' 2, நெடிலோடு மெய்யும் சேர்ந்த 'கீன்' 3, மீண்டும் 5. அசை பாதியானபோதும் மாத்திரை குறையவில்லை. அகரம் போனாலும் அதன் காலம் முந்தைய அசையில் தங்கிவிடுகிறது. துளசிதாசரின் இராமசரிதமானஸில் சௌபாயி அடிக்கு 16 மாத்திரை. அதனை ஓதுவோர் 'ராம்' என்பதை 'ராம' என்று ஒலிக்கும்போது புதிதாக எதையும் சேர்ப்பதில்லை; பேச்சு மறைத்து வைத்ததை வெளியே எடுக்கிறார்கள்.

ஆனால் அதே அகரத்தைப் பேச்சில் ஒலித்தால் கிடைப்பது ஏளனம். தெலுங்கரான என் அறைத்தோழர் விடுதி அறிவிப்பொன்றை எழுத்து பிசகாமல் உரக்கப் படித்தார், கூடியிருந்தோர் சிரித்தனர். பாடகர் வாயில் மரபாகும் ஒலி, தென்னக மாணவர் வாயில் பிழையாகிவிடுகிறது.

இந்தத் தீர்ப்புக்குக் கவிஞரும் தப்புவதில்லை. நகரைக் குறிக்கும் 'ஷஹ்ர்' உருது யாப்பில் நெடில்-குறில். இந்திக்காரர் சொல்லும் 'ஷஹர்' குறில்-நெடில். தொகை இரண்டிலும் மூன்றே, வரிசைதான் புரள்கிறது. கஜலின் சந்தம் வரிசையையும் கேட்பது. 1975இல் வெளிவந்த 'சாயே மே தூப்' தொகுப்பின் முன்னுரையில் துஷ்யந்த் குமார் இந்த ஆட்சேபத்தை எடுத்துப் பேசுகிறார். உருது அறிந்த நண்பர்கள் 'ஷஹ்ர்' என்பதே சரி என்றனர்; அவரோ, இந்தியில் கலந்து வழங்கும் வடிவிலேயே அச்சொல்லை அறிந்தே ஆண்டதாகச் சொன்னார். அசையைப் பற்றிய வழக்கு, மொழி யாருடையது என்னும் வழக்காயிற்று.

தமிழிலும் இதே நிலைதான். 'இருக்கிறது' என்னும் ஐந்தசை பேச்சில் 'இருக்கு' என மூன்றாகிறது. 'பால்' என்னும் ஓரசை 'பாலு' என இரண்டாகிறது. பேச்சு அசையைக் குறைக்கவும் செய்யும், கூட்டவும் செய்யும். அரை மாத்திரையே பெறும் குற்றியலுகரத்துக்காகத் தொல்காப்பியர் நேர்பு, நிரைபு என்று தனி அசைகளை வகுத்தார். பிற்கால யாப்பு நூல்கள் அவற்றைக் கைவிட்டன. வெண்பாவின் ஈற்றில் காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளில் அவற்றின் நிழல் எஞ்சியது. முழு உயிராகவும் ஒலிக்காமல் முற்றும் கெடாமலும் நிற்கும் ஒலியை அவர் பிழையென ஒதுக்கவில்லை. அதற்கென்று ஓர் இடம் கொடுத்தார்.

களப்பணிக்குச் செல்லும் இளையோரிடம் ஒன்றே கேட்பேன்: ஒரு சொல்லைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தபின், அதே மனிதரை அதே சொல் வரும் பாட்டொன்றையும் பாடச் சொல்லுங்கள். இரண்டில் எது சரி என்று தீர்ப்பெழுதும் முன், இரண்டிலும் குறையாமல் நிற்பது எது என்று எண்ணிப் பாருங்கள்.