தேய்மானம்

பி.காம். படித்தபோது 'தேய்மானம்' என்று ஒரு பாடம். ஒரு மெஷின் 10 வருஷம் உழைக்கும் என்றால், வருஷா வருஷம் அதன் விலையில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டே வரவேண்டும். பத்தாம் வருஷம் மதிப்பு சைபர். அந்தப் பேப்பரில் 82 மார்க் வாங்கினவன் நான். ஆனால் அம்மாவின் கீரை மத்து விஷயத்தில் கணக்கு உதைத்துவிட்டது.

அது அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்த மத்து. 40 வருஷம் கடைந்து கடைந்து, கைப்பிடியில் உள்ளங்கை பட்ட இடம் வழவழவென்று பள்ளமாகியிருந்தது. போன வருஷம் அதை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனாள்.

எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது என் டிபார்ட்மென்ட். (மனைவி ஆபீஸ் போகிறாள். நான் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதில் எது உத்தியோகம் என்பதில் அக்கம்பக்கத்தில் யாருக்கும் சந்தேகமில்லை.) சுத்தம் சோறு போடுமே என்று, மத்தை ராத்திரி பூரா சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். காலையில் மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். சாயங்காலம் எடுக்கப் போனால், தலையிலிருந்து பாதி வரை விரிசல்!

தூக்கிக்கொண்டு மரப்பட்டறைப் பெரியவரிடம் ஓடினேன். "மரம் தண்ணி குடிச்சா உப்பும் சார். வெயில்ல போட்டா மேல் பக்கம் சட்டுனு சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே நிக்கும். வெடிக்காம என்ன செய்யும்?" என்றார்.

"ஒட்டிடலாமா?"

"பசை வயித்துக்குத்தான் போகும். விரிசல்ல அழுக்கும் சேரும். புதுசு வாங்கிக்குங்க."

கூடவே பாடமும் எடுத்தார். வேலை முடிந்த கையோடு கழுவணும். ஊறவே கூடாது. துடைத்து, நிழலில் காற்றுப்படக் காயவிடணும். பூண்டு வாடை அடித்தால் உப்பைத் தூவி எலுமிச்சை மூடியால் தேய்க்கணும். சொரசொரத்தால் நைஸ் உப்புத்தாள். மாசம் ஒரு தடவை நாலு சொட்டு தேங்காயெண்ணெய் தேய்த்து, மறுநாள் மிச்சத்தைத் துடைக்கணும். கடலை எண்ணெய் வேண்டாம், சிக்கு வாடை வரும்.

தீபாவளிக்கு அம்மா வந்தாள். குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அம்மா திட்டவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பழைய மத்தை வைத்து ஒரு தடவை உருட்டினாள். பள்ளத்தில் கை கச்சிதமாக உட்கார்ந்தது.

"நீ மாசாமாசம் எண்ணெய் போட்டியாம்மா?"

"எண்ணெயா? தினம் தேங்கா துருவின கைடா. கடைஞ்சேன், கழுவினேன், ஆணியில மாட்டினேன். ஊறப்போடறதுக்கு எனக்கு ஏது நேரம்?"

இப்போது பழசு ஆணியில் தொங்குகிறது. கணக்குப்படி மதிப்பு சைபர். தூக்கிப்போட யாருக்கும் மனசு வரவில்லை. புதுசுக்கு எண்ணெய் போடும்போதெல்லாம் பள்ளம் விழுகிறதா என்று தடவிப் பார்க்கிறேன்.

"தடவினா விழாது, கீரையைக் கடைஞ்சாத்தான் விழும்" என்கிறாள் மனைவி, கட்டை என் கையில் திணித்தபடி.